தேடியவருக்குப் பின் தேட்டம்: தமிழகக் காசுத் தொகுப்புகள் சென்றடைந்த இடங்கள்

அரசனுக்குரிய பொருட்செயலைத் திருவள்ளுவர் நான்காக வகுத்துக் காட்டுவார். வருவாய்க்கு வழி காண்பது முதலாவது. வந்ததைச் சேர்ப்பது இரண்டாவது. சேர்த்ததைக் காப்பது மூன்றாவது. காத்ததை உரிய வகையில் பகுத்தளிப்பது நான்காவது. இந்நான்கும் அரசனுக்கு மட்டும் உரியன அல்ல. ஒரு துறையில் ஆர்வம் கொண்டு அரும்பொருள்களைத் தொகுக்கின்ற எவர்க்கும் இவை பொருந்தும். தமிழகத்தில் பழங்காசு தொகுத்தோர் முதல் மூன்றனையும் செவ்வனே செய்துள்ளனர். நான்காவதை எண்ணிச் செய்தவர் சிலரே. எண்ணாது விட்டவர்களின் தொகுப்புகள் என்ன ஆயின, எண்ணிச் செய்தவர்களின் தொகுப்புகள் எவ்வாறு நிலைபெற்றன என்பதை வரலாற்று நோக்கில் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காசும் தமிழ் வரலாறும்

ஒருவர் வீட்டு அலமாரியில் உள்ள காசுப் பெட்டியின் வருங்காலம் அவர் குடும்பத்தின் கவலை மட்டுமே அன்றோ, அதற்கும் தமிழ் ஆய்வுக்கும் என்ன தொடர்பு என வினவலாம். சங்க இலக்கியம் பயில்வோர்க்கு இத்தொடர்பு நன்கு விளங்கும். யவனர் மரக்கலங்கள் பொன் கொணர்ந்து மிளகு ஏற்றிச் சென்றதை அகநானூறு பேசுகின்றது. தமிழகத்து மண்ணில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகளும் வெள்ளிக் காசுகளும் அதற்குச் சான்றாயின. ஆனால் சங்கப் பாடல்கள் புகழும் தமிழ் வேந்தர் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டனரா என்ற வினாவுக்கு நெடுங்காலம் தெளிவான விடை கிட்டவில்லை.

அவ்விடை அகழாய்வுக் குழியிலிருந்து முதலில் வரவில்லை. நாளிதழ் ஆசிரியராக விளங்கிய இரா. கிருஷ்ணமூர்த்தி விலைகொடுத்து வாங்கிச் சேர்த்த காசுகளிடையே இருந்து வந்தது. 1980-களின் நடுவில், ஒரு பக்கம் குதிரையும் மறுபக்கம் மீன் சின்னமும் கொண்ட செப்புக் காசொன்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘பெருவழுதி’ என்ற பெயரை அவர் படித்து வெளிப்படுத்தினார். பாண்டியர்க்குரிய வழுதி என்னும் பெயர் ஏட்டிலிருந்து இறங்கிச் செம்பில் நின்றது. தொடர்ந்து ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’ எனச் சேரர் பெயர் பொறித்த வெள்ளிக் காசுகளும் அறிஞர் பார்வைக்கு வந்தன. கரூர், மதுரை முதலிய இடங்களில் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக் காசுகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1994-இலும், சங்க காலத் தமிழகக் காசுகளைப் பற்றிய ஆங்கில நூல் 1997-இலும் வெளிவந்தன.

இக்காசுகள் வந்த வழி நோக்கத்தக்கது. கரூரில் அமராவதி ஆற்று மணலை அரித்துப் பொன் துகள் தேடும் எளிய மக்கள் கையில் பழஞ்செப்புக் காசுகளும் அகப்பட்டன. அவற்றுள் பல எடைக்கு எடை செம்பாகப் பாத்திரக் கடைகளுக்குப் போய் உலையில் உருகின. உருகாமல் எஞ்சியவை வணிகர் வழியே தொகுப்பாளர் கைக்கு வந்தன. ஆற்று மணலுக்கும் உருக்கு உலைக்கும் இடையில், காசுக்கு உயிர்ப்பிச்சை அளித்த இடம் தனியார் தொகுப்புகளே எனலாம். ஆதலின் ஒரு தொகுப்பு சிதறும்போது சிதறுவது ஒருவரின் பொழுதுபோக்கு மட்டுமன்று. வரலாற்றின் சான்றும் உடன் சிதறுகின்றது.

மெக்கன்சி தொகுப்பு பிரிந்த கதை

தென்னாட்டில் பெருந்தொகுப்பு ஒன்றின் பிற்கால நிலையை அறிய முதலில் நாட வேண்டியவர் காலின் மெக்கன்சி ஆவார். ஸ்காத்லாந்தின் வடமேற்கேயுள்ள லூயிஸ் தீவில் பிறந்து, 1783-இல் சென்னைக்கு வந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப் பொறியாளராகவும் நில அளவையாளராகவும் பணியாற்றியவர். 1815-இல் இந்தியாவின் தலைமை நில அளவையாளர் ஆனவர். சென்ற ஊர்களில் எல்லாம் சுவடிகள், கல்வெட்டுப் படிகள், ஊர் வரலாறுகள், ஓவியங்கள், காசுகள் எனத் திரட்டினார். தென்னாட்டு மொழிகளை அவர் அறியார். காவலி வெங்கட போரய்யா, அவர்தம் தம்பி லட்சுமய்யா முதலிய உதவியாளர்களே அவருக்குக் கண்ணும் நாவுமாக விளங்கினர்.

தம் தொகுப்பை முறைப்படுத்திப் பட்டியல் ஒன்று அமைக்க வேண்டும் என்ற விருப்பத்தை 1817-இல் அலெக்சாந்தர் ஜான்ஸ்டனுக்கு எழுதிய கடிதத்தில் மெக்கன்சி தெரிவித்தார். அவ்விருப்பம் நிறைவேறுமுன் 1821 மே மாதம் அவர் உயிர் நீத்தார். அவர் துணைவியாரிடமிருந்து கம்பெனி அரசு தொகுப்பு முழுவதையும் ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கியது. கல்கத்தாவில் எச். எச். வில்சன் தயாரித்த பட்டியல் 1828-இல் வெளியாயிற்று. அப்பட்டியலின்படி அத்தொகுப்பில் இருந்த காசுகள் மட்டும் 6,218, கல்வெட்டுப் படிகள் 8,076, ஓவியங்கள் 2,630.

இங்குத்தான் தொகுப்பு இரண்டுபட்டது. தென்னிந்திய மொழிச் சுவடிகளும் ஊர் வரலாறுகளும் 1828-இல் சென்னைக்குத் திரும்பின. பல கை மாறி, இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் அடிப்படைச் செல்வங்களுள் ஒன்றாக அவை விளங்குகின்றன. காசுகளோ இலண்டனுக்குக் கப்பலேறின. அங்குக் கம்பெனியின் இந்திய அருங்காட்சியகத்தில் இருந்தன. அந்நிறுவனம் 1879-இல் கலைக்கப்பட்டபின், 1882-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை அடைந்தன. இடையில் பிறர் காசுகளோடு கலந்து, இந்தியா அலுவலகத் தொகுப்பு என்னும் பொதுப்பெயருக்குள் மறைந்தன. அவற்றுள் மெக்கன்சி திரட்டியவை எவை எனப் பிரித்தறிவதே இன்று தனியோர் ஆய்வாகிவிட்டது.

ஓர் ஊர் வரலாற்றை எழுதி வாங்கியபோது அவ்வூரிலேயே கிடைத்த காசையும் மெக்கன்சியின் உதவியாளர் பெற்றிருக்கக்கூடும். அவ்வாறு பெற்றிருப்பின், ஏடு சென்னையில் உள்ளது. காசு இலண்டனில் உள்ளது. இரண்டையும் இணைத்த குறிப்பு எங்கும் இல்லை. அதை நினைவில் வைத்திருந்த லட்சுமய்யா, மெக்கன்சி விட்ட பணியைத் தொடர இசைவு கேட்டு விண்ணப்பித்தார். 1830-களில் அவ்விண்ணப்பம் மறுக்கப்பட்டது. கம்பெனி அரசு பொருள்களை வாங்கியது. அவற்றைப் பற்றி அறிந்திருந்த மனிதரை வாங்கிக்கொள்ளவில்லை. தொகுத்தவர் தம் வாழ்நாளில் பட்டியல் எழுதாமற்போனால் நேரும் இழப்புக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

எலியட்டும் புரூஸ் ஃபுட்டும்

சென்னை ஆட்சிப் பணியில் இருந்த சர் வால்ட்டர் எலியட், அமராவதிச் சிற்பங்களை 1845-இல் அகழ்ந்தெடுத்தவர் என்ற வகையில் நன்கு அறியப்பட்டவர். தென்னிந்தியக் காசுகளைப் பற்றி முறையாக எழுதிய முன்னோடிகளுள் ஒருவரும் அவரே. பணி ஓய்வுக்குப் பின் தாய்நாடு திரும்பி, கண்பார்வை குன்றிய முதுமையிலும் தென்னிந்தியக் காசுகள் பற்றிய நூலை முடித்தார். 1886-இல் நூல் வெளிவந்தது; 1887-இல் அவர் மறைந்தார். அவர் திரட்டிய காசுகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. மெக்கன்சியின் காசுகளும் எலியட்டின் காசுகளும் ஒரே கூரையின் கீழ்ச் சேர்ந்தாலும், எலியட்டின் காசுகளுக்கு அவர் எழுதிய நூல் வழித்துணையாக உள்ளது. காசைக் காணாதவரும் நூலைக் கொண்டு ஆராயலாம். இருப்பினும் இம்மண்ணின் காசைக் கையில் எடுத்துப் பார்க்க விரும்பும் தமிழ் மாணவர் கடல் கடக்க வேண்டிய நிலை உள்ளது.

இதற்கு மாறான வழியில் சென்றவர் இராபர்ட் புரூஸ் ஃபுட். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டறிந்த நிலவியல் அறிஞர் இவர். இவர் தொகுத்தவை கற்கருவிகளும் மட்கலன்களுமே, காசுகள் அல்ல. ஆயினும் தொகுப்பின் வருங்காலத்தை முடிவு செய்த முறையால் இங்கு நினைக்கத்தக்கவர். தம் தொகுப்பை அவர் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு 1904-இல் விலைக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு அமையாமல், பொருள்கள் ஒவ்வொன்றும் எங்குக் கிடைத்தன என்ற விவரத்தோடு விளக்கப் பட்டியலைத் தாமே எழுதினார். 1912-இல் அவர் மறைந்தபின் அப்பட்டியல் 1914-இலும், அதனைச் சார்ந்த குறிப்புகள் 1916-இலும் அச்சேறின. ஒரு நூற்றாண்டு கடந்தும் தொல்லியல் மாணவர்கள் எழும்பூருக்குச் சென்று அத்தொகுப்பைப் பட்டியலோடு ஒப்பிட்டுக் காண இயல்கின்றது.

பணம் பெற்றுக்கொண்டு கொடுத்தாரே, இது கொடையாகுமா என்று கேட்கலாம். அது இங்குப் பெரிதன்று. விலை பெறுவது குற்றமன்று. யாருக்கு, எதனோடு சேர்த்து, எந்நிலையில் கொடுத்தார் என்பதே கருதத்தக்கது.

பெசன்ட் நகரில் ஒரு சான்று

இப்பொருள் பற்றிச் சென்னையில் சிந்திப்போர் பெசன்ட் நகரை நினையாமல் இருக்க இயலாது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூலகம் அங்கு அமைந்துள்ளது. ஊர் ஊராக நடந்து ஏடு தேடியவர் ஐயர். 1942 ஏப்ரல் 28-ஆம் நாள் அவர் திருக்கழுக்குன்றத்தில் மறைந்தார். அடுத்த ஆண்டிலேயே அவர் திருமகனார் கல்யாணசுந்தரையர் சுவடிகளையும் நூல்களையும் ருக்மிணி தேவி அருண்டேலிடம் ஒப்படைக்க, 1943-இல் ஐயர் பெயரால் நூலகம் தோன்றியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஓலைச் சுவடிகளைக் கொண்ட அந்நூலகம், அவற்றைக் காப்பதோடு பதிப்புப் பணியையும் செய்து வந்துள்ளது.

இந்நிகழ்ச்சியின் சிறப்பு மூன்று வகைப்படும். முதலாவது, தொகுப்பு பிரியவில்லை. இரண்டாவது, மைந்தர் தாமதிக்கவில்லை. மூன்றாவது, பெற்றுக்கொண்டவர் தொகுத்தவரின் பெயரையும் நோக்கத்தையும் போற்றினார். திருவல்லிக்கேணிப் பகுதியில் ஐயர் வாழ்ந்த ‘தியாகராஜ விலாசம்’ என்னும் இல்லம் 2012-இல் இடிக்கப்பட்டது. தமிழன்பர்கள் வருந்தினர், வருந்தத்தக்கதே. ஆயினும் சுவடிகள் அவ்வில்லத்திலேயே தேங்கியிருந்தால் வருத்தம் எத்தகையதாய் இருந்திருக்கும்! வீடு போனது, ஏடு நின்றது. தொகுப்பை வீட்டிலிருந்து உரிய காலத்தில் வெளியேற்றுவதே அதைக் காப்பதாகும் என்பதை இது காட்டுகின்றது.

கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய நூல்களும் இதழ்களும் பிறவும் இத்துடன் ஒப்பிடத்தக்கவை. 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பைப் பெற்றது. ஆனால் கப்பலேற்றவில்லை, 1994-இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிறுவியது. மெக்கன்சி காலத்தில் இந்திய வரிப்பணத்தால் வாங்கப்பெற்ற காசுகள் கடல் கடந்தன. நம் காலத்தில் அயல்நாட்டுப் பொருளுதவியால் காக்கப்பெற்ற நூல்கள் இங்கேயே தங்கின. தொகுப்பின் வருங்காலத்தை முடிவு செய்வது பணம் மட்டுமன்று, அதை ஆள்வோரின் நோக்கமும் ஆகும் என்பது இதனால் பெறப்படுகின்றது.

சட்டமும் இல்லமும்

நம் வட்டத்தின் மாதக் கூட்டம் ஒன்றில், ஐம்பது ஆண்டுகளாகக் காசு தொகுத்துவரும் மூத்த அன்பர் ஒருவர், “பிள்ளைகள் இருவரும் அமெரிக்காவில் இருக்கிறார்கள் அம்மா; இவற்றை நான் யாரிடம் விட்டுச் செல்வது?” என்று என்னிடம் கேட்டார். அடையாற்றிலும் பெசன்ட் நகரிலும் மயிலாப்பூரிலும் இவ்வினா இன்று பல இல்லங்களில் எழுகின்றது. உணர்ச்சியால் மட்டும் இதற்கு விடை கூற இயலாது. சட்டமும் குறுக்கே நிற்கின்றது.

1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் 1976-இல் நடைமுறைக்கு வந்தது. நூறு ஆண்டு கடந்த காசு அச்சட்டப்படி தொல்பொருளாகும். தொல்பொருளைத் தனியார் எவரும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லுதல் கூடாது. சோழர் காசு மட்டும் தொல்பொருள் என எண்ணுவோர் உளர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் உருவம் தாங்கிய 1918-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாயும் இன்று அவ்வரையறைக்குள் வந்துவிட்டது. ஆண்டுதோறும் மேலும் ஓராண்டுக் காசுகள் அதனுள் நுழைகின்றன. ஆதலின் அயல்நாட்டில் வாழும் மக்கள் தந்தையின் காசுப் பெட்டியை உரிமையாகப் பெறலாம். உடன் எடுத்துச் செல்ல இயலாது. தொல்பொருள் வணிகம் செய்வோர்க்கு உரிமம் வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி.

இதற்கு முன்பே, 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் மண்ணிலிருந்து கிடைத்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியர்க்கு அறிவிக்க வேண்டும் என விதித்தது. 1851-இல் தோன்றிய சென்னை அருங்காட்சியகத்தின் காசுச் செல்வம் பெருகியதில் இச்சட்டத்திற்குப் பெரும்பங்கு உண்டு. 1885-இல் அதன் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன் அங்குள்ள காசுகளுக்குப் பட்டியல்கள் வெளியிட்டார். நிறுவனத்தில் சேர்ந்த காசும் பட்டியல் வழியாகவே அறிஞரைச் சென்றடைகின்றது என்பதற்கு இதுவும் சான்று.

பங்கீடு, விற்பனை, கொடை

தொகுப்பாளர் முன் மூன்று வழிகள் உள்ளன. மக்களிடையே பங்கிடுதல் ஒன்று. இது நேர்மையாகத் தோன்றினும் தொகுப்புக்கு இதுவே பெருங்கேடு. ஒரே ஊரில் ஒரே காலத்தில் கிடைத்த நாற்பது காசுகளை இருவர்க்கு இருபதாகப் பிரித்தால், கணக்கு ஒத்துவரும், சான்று ஒத்துவராது. புதையலின் பொருள் அதன் முழுமையில் உள்ளது. நகைபோல் நிறுத்துப் பகிர்வதற்கு அது உரியதன்று.

விற்பனை இரண்டாவது வழி. விற்பதை இழிவாகக் கருத வேண்டியதில்லை. ஆசிரியர்களும் எழுத்தர்களும் தம் ஊதியத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய காசுகள் அவை. அவர்தம் குடும்பத்திற்கு அவற்றின் மதிப்பு சேர்வது முறையே. ஆனால் அழகியவற்றை மட்டும் ஒருவர் பொறுக்கி வாங்க, தேய்ந்தவை பழைய இரும்புக் கடைக்குப் போகும் விற்பனையால் பயனில்லை. வரலாற்றில் பேசுவது பெரும்பாலும் தேய்ந்த செப்புக் காசே. பெருவழுதிக் காசும் செப்பே அன்றோ!

கொடை மூன்றாவது. அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால் இரும்புப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள், யாரும் காண மாட்டார்கள் என்ற அச்சம் பலர்க்கு உண்டு. இவ்வச்சத்தை முற்றும் புறந்தள்ளுவதற்கில்லை. ஆனால் பூட்டிய பெட்டியை என்றேனும் ஓர் ஆய்வாளர் திறக்கச் செய்யலாம். உருக்கிய காசை யாராலும் மீட்க இயலாது. மேலும், பட்டியலோடு சென்ற தொகுப்பை மறைப்பது அரிது. பட்டியல் இன்றிச் சென்ற தொகுப்பைத் தேடுவதே அரிது.

இதுவே நான் வலியுறுத்த விரும்பும் கருத்து. எவ்வழியைத் தேர்ந்தாலும், தொகுப்பாளர் முதலில் விட்டுச் செல்ல வேண்டியது எழுத்துக் குறிப்பே. ஒவ்வொரு காசுக்கும் ஒரு தாள். அதில் உலோகம், எடை, அளவு, இருபுறத்து உருவம், எழுத்து, எந்த ஊரில் எந்த ஆண்டில் யாரிடம் பெற்றது என்ற செய்தி, இருபக்க நிழற்படம். முதல் ஐந்தினையும் பிற்காலத்து அறிஞர் எவரும் காசைப் பார்த்து எழுதிவிட முடியும். பெற்ற இடத்தை மட்டும் தொகுத்தவரன்றி வேறொருவர் எழுத முடியாது. நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் நேர்மை என்றும் பொருள் உண்டு. ஒரு நாணயத்தின் நாணயம் அது வந்த வழியைச் சொல்லும் குறிப்பில்தான் உள்ளது. வந்த வழி அறியாத காசு, போலியோ என்ற ஐயத்தைத் தன் மேல் ஏற்றுக்கொண்டே திரிய வேண்டியிருக்கும்.

அடுத்து, காசைத் துலக்குதல் கூடாது. குடும்பத்தார் அன்பு மிகுதியால் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய காசில் களிம்பு நீங்குகின்றது. அதனோடு எழுத்தின் விளிம்பும் நீங்குகின்றது. சிலவகைப் பிளாஸ்டிக் உறைகளும் நாளடைவில் உலோகத்தைக் கெடுக்கும். தாள் உறை நலம். அதன்பின் உயிலிலோ தானப் பத்திரத்திலோ தொகுப்பு பிரிக்கப்படலாகாது என்பதையும், பெறும் நிறுவனத்தின் பெயரையும் தெளிவாக எழுதுதல் வேண்டும். நிறுவனத்தின் இசைவை முன்பே பெற்றிருத்தல் இன்றியமையாதது. கேளாமல் கொடுத்த கொடை வாயிலிலேயே திரும்பிவிடுவதும் உண்டு. மக்களுக்கும் இதனை வாய்மொழியாகச் சொல்லி வைத்தல் நன்று. தாம் புறக்கணிக்கப்பட்டதாக அவர்கள் எண்ணினால் பத்திரம் பயனற்றுப் போகும்.

நிறைவுரை

மெக்கன்சி பட்டியலுக்கு ஆசைப்பட்டு எழுதாமல் சென்றார். அவர் காசுகள் பெயரிழந்தன. எலியட் எழுதிச் சென்றார். அவர் காசுகள் தொலைவில் இருப்பினும் பேசுகின்றன. புரூஸ் ஃபுட் எழுதியும் கொடுத்தும் சென்றார். அவர் தொகுப்பு கிடைத்த மண்ணிலேயே பயன்படுகின்றது. சாமிநாதையரின் ஏடுகளை அவர் மைந்தர் காலத்தாழ்வின்றிப் பொதுவுடைமை ஆக்கினார். பெருவழுதியின் பெயரைத் தமிழுலகம் அறிந்தது ஒருவர் காசைச் சேர்த்ததால் மட்டுமன்று. சேர்த்ததைப் படித்து நூலாக்கியதாலும் ஆகும்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டம் நூல்களைப் பற்றிப் பேசும் அவை. எனினும் நம் உறுப்பினர் இல்லங்களில் காசுகளும் கடிதங்களும் பழைய இதழ்களும் உள்ளன. வட்டத்தின் வரும் ஆண்டுப் பணிகளில் ஒன்றாக, மூத்த தொகுப்பாளர் அருகில் அமர்ந்து அவர் சொல்லச் சொல்லப் பட்டியல் எழுதித் தரும் பணியை இளைய உறுப்பினர்கள் மேற்கொள்ளலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும், சிறு தராசும், பொறுமையும் போதும். காசு எவ்வளவு காலமும் காத்திருக்கும். அது எந்த ஆற்றங்கரையில் கிடைத்தது என்பதை அறிந்த மனிதர் அவ்வளவு காலம் காத்திருக்க இயலாது.